இல்லாத சத்தம் எங்கிருந்து வருது?

"லண்டன்ல என்னப்பா படிக்கிற?" ஊர்ல இருந்து போன் பண்ற எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான். ரெண்டாவது கேள்வி சாப்பாட்டைப் பத்தி. அதுக்குப் பதில் ரொம்ப ஈஸி. கிங்ஸ்பரி ரோட்டுல நாலு எட்டு வெச்சா நம்ம ஆளுங்க கடை. முருங்கைக்காய்ல இருந்து ராசவள்ளிக்கிழங்கு வரைக்கும் கிடைக்குது. முதல் கேள்விக்குத்தான் முழிக்க வேண்டியிருக்கு. "ஃபைபர் ஆப்டிக்ஸ்"னு சொன்னா "ஓ, இன்டர்நெட்டா"ன்னு முடிச்சுடறாங்க. அதோட "அனலாக்"னு ஒரு வார்த்தை சேர்த்துட்டா போச்சு. நான் காய்கறி வாங்குற கடை அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், ஊர்ல ரேடியோ, டி.வி. திருத்தினவர். விஷயத்தைக் கேட்டதும் சிரிச்சே சிரிச்சுட்டார். "என்ன தம்பி, உலகம் முழுக்க டிஜிட்டலுக்கு மாறிட்டுது. நீர் இப்பதான் அனலாக் படிக்க வந்தனீரோ?"

கேள்வி நியாயமானதுதான். வரிசையில பின்னாடி ஆள் நிக்கும்போது கல்லாப்பெட்டி பக்கத்துல நின்னு சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால இந்தப் பதிவு.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அனலாக் சிக்னலுக்கும் எங்க கிங்ஸ்பரிக்கும் பழைய சொந்தம் உண்டு. ரோ கிரீன் பார்க்ல கிங்ஸ்பரி மேனர்னு ஒரு வீடு இருக்கு. ஞாயித்துக்கிழமை பசங்க கிரிக்கெட் மட்டையோட திரியற இடம். அந்த வீட்டோட வண்டிக் கொட்டகையிலதான் ஜான் லோகி பேர்டு ஒரு காலத்துல கடை விரிச்சிருந்தார். டெலிவிஷனைக் கண்டுபிடிச்ச ஆட்கள்ல ஒருத்தர்னு பாடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்களே, அவரேதான். 1929-ல பெர்லின்ல இருந்து அனுப்பின டெலிவிஷன் சிக்னலை இங்கதான் பிடிச்சார்.

அவரோட டி.வி. எப்படின்னா, 30 ஓட்டை போட்ட ஒரு தட்டு சுத்தும். பெட்டிக்குள்ள ஒரு நியான் விளக்கு. வர்ற சிக்னல் கூடினா விளக்கு பிரகாசமா எரியும், குறைஞ்சா மங்கும். தட்டோட ஓட்டை வழியா அதைப் பார்த்தா படம். அவ்வளவுதான் சமாச்சாரம். சிக்னலோட ஏத்த இறக்கத்தை அப்படியே வெளிச்சத்தோட ஏத்த இறக்கமா மாத்தறது. ஆனா நியான் விளக்குக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட வோல்டேஜ் வர்ற வரைக்கும் எரியவே எரியாது. அதனால எப்பவும் பாதி வெளிச்சத்துல எரிய விட்டு, அதுக்கு மேல சிக்னலை ஏத்தணும். இல்லேன்னா படத்துல இருட்டான பகுதியெல்லாம் மொத்தமா கருப்பாயிடும்.

கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு, அதே ஊர்ல வாடகைக்கு இருந்துக்கிட்டு, தினமும் ட்யூப்ல ஏறிப் போய் நான் ஆய்வகத்துல பண்றதும் இதேதான்! நியான் விளக்குக்குப் பதிலா லேசர். காத்து வெளிக்குப் பதிலா தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி இழை. லேசருக்கும் அதே வியாதி. குறிப்பிட்ட அளவு கரண்ட் போற வரைக்கும் லேசரா எரியாது. அதுக்கு மேல கரண்ட் கூட்டக் கூட்ட வெளிச்சம் நேர்கோட்டுல கூடும். ரொம்ப மேல போனா கோடு வளைஞ்சு படுத்துடும். அந்த நேர்கோட்டுக்குள்ள சிக்னல் ஆடிக்கிட்டிருக்கிற வரைக்கும் பிரச்சினையில்லை. கோடு எங்க வளையுதோ அங்கதான் வில்லன் உள்ள வர்றான். தமிழ்ல திரிபு. ஆய்வகத்துல நாங்க சொல்றது டிஸ்டார்ஷன்.

திரிபையும் இரைச்சலையும் நிறையப் பேர் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க. இரைச்சல்ங்கறது மழை சத்தம் மாதிரி. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், அதுக்கு அடையாளம் கிடையாது. ரொம்ப நேரம் கேட்டு சராசரி எடுத்தா அடங்கிடும். திரிபு அப்படி அடங்கறதில்லைங்க. அது புது சிக்னலைப் பெத்துப் போடும். 600 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு, 610-ல ஒண்ணுன்னு ரெண்டு சிக்னலை ஒரு வளைஞ்ச கோட்டு லேசருக்குள்ள விட்டுப் பாருங்க. இந்தப் பக்கம் ரெண்டு மட்டும் வெளிய வராது. கூட்டினா 1210, கழிச்சா 10. இது ரெண்டாம் படி. ஒண்ணோட ரெட்டிப்புல இருந்து இன்னொண்ணைக் கழிச்சா 590, 620. இது மூணாம் படி. ரெண்டாம் படிப் பிள்ளைங்க எங்கயோ தூரத்துல போய் விழுதுங்க, வடிகட்டி போட்டு வெட்டிடலாம். மூணாம் படிதான் பக்கத்து வீட்டுலயே வந்து குடியேறும். எவ்வளவு நேரம் சராசரி எடுத்தாலும் கரையாது. இன்னும் தெளிவாத்தான் தெரியும்.

பழைய கேபிள் டி.வி. ஞாபகம் இருக்கா? நல்லா ஓடிக்கிட்டிருக்கும் படத்து மேல சாய்வா கோடு கோடா நெளியும். சில நாள் பக்கத்து சேனலோட நிழல் மெதுவா நகர்ந்து போகும். கேபிள்கார அண்ணன் வந்து "மழை பேஞ்சுதுல்ல, அதான்"ம்பார். மழையில பிரச்சினை வர்றதும் உண்டுதான். ஆனா அந்த நெளியற கோடு பெரும்பாலும் திரிபு. பத்து பதினஞ்சு ஆம்ப்ளிஃபயரை வரிசையா கோர்த்து, அதுல எண்பது சேனலை ஏத்தினா, சேனலும் சேனலும் கலந்து பெத்த பிள்ளைங்க ஆயிரக்கணக்குல வந்து விழும். தெருமுனை வரைக்கும் ஃபைபர்ல கொண்டு வரலாம்னு கேபிள் கம்பெனிங்க முடிவு பண்ணினதுக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் சங்கிலியும் ஒரு காரணம். அந்த ஃபைபர்ல போனது அனலாக்தான். லேசரோட வெளிச்சத்துல எண்பது சேனலும் ஒண்ணா ஆடும்.

கேபிள் டி.வி.ல திரிபு வந்தா சீரியல் பார்க்கிறது கெட்டுப் போகும், அவ்வளவுதான். ஆனா இல்லாத சிக்னல் ஒண்ணு இருக்கிற மாதிரி தெரிஞ்சா பெரிய விவகாரமாகிற இடம் ஒண்ணு இருக்கு. நம்ம நாட்டுலயே.

புனேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்துல கோடத்ங்கற கிராமம். அங்கதான் ஜி.எம்.ஆர்.டி. இருக்கு, அதாவது ராட்சத மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் அகலத்துல 30 தட்டு ஆன்டெனா. 14 நடுவுல நெருக்கமா இருக்கு. மீதி 16-ம் ஆங்கில ஒய் எழுத்து மாதிரி மூணு கையா 25 கிலோமீட்டர் வட்டாரத்துல பரந்து கிடக்கு. கட்டினவர் கோவிந்த் ஸ்வரூப். நம்ம ஊட்டில, முத்தோரை மலைச்சரிவுல, 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கே, 1970-ல இருந்து ஓடுதே, அதுவும் அவர் வேலைதான். ஊட்டி பூமத்திய ரேகையில இருந்து 11 டிகிரி தள்ளி இருக்கு. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையாப் பார்த்துத் தேடிப் பிடிச்சு, அதுலயே தொலைநோக்கியைப் படுக்க வெச்சார். அதனால ஒரே அச்சுல சுத்தினா போதும், வானத்துல பொருள் நகர நகரத் தொடர்ந்துக்கிட்டே போகலாம். காசில்லாத நாட்டுக்காரன் மூளைங்க அது! (பேர்டு கிங்ஸ்பரில பெர்லினைப் பிடிச்ச அதே 1929-லதான் ஸ்வரூப் பிறந்தார். 2020-ல காலமானார்.)

ஜி.எம்.ஆர்.டி.யை 1990-கள்ல கட்டும்போது பெரிய கேள்வி இதுதான்: அவ்வளவு தூரத்துல இருக்குற ஆன்டெனாக்கள்ல இருந்து சிக்னலை நடுக் கட்டடத்துக்கு எப்படிக் கொண்டு வர்றது? செப்புக் கேபிள்ல வந்தா வழியிலயே செத்துடும். அதனால ஒளியிழை. அதுலயும் அனலாக் ஒளியிழை. முதல் வடிவத்துல ஒவ்வொரு ஆன்டெனாவும் பிடிச்ச ரெண்டு சிக்னலை, 130 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு, 175-ல ஒண்ணுன்னு இறக்கி, ஒரே லேசர்ல ஏத்தி அனுப்பினாங்க. ஒவ்வொண்ணும் 32 மெகாஹெர்ட்ஸ் அகலம். இந்த ரெண்டு நம்பரையும் வெச்சு ஒரு நாள் ராத்திரி பேப்பர்ல கணக்கு போட்டுப் பார்த்தேன். ரெண்டையும் கூட்டினாலும் சரி, கழிச்சாலும் சரி, ரெட்டிச்சாலும் சரி, ரெண்டாம் படிப் பிள்ளை ஒண்ணு கூட ரெண்டு கூடைக்குள்ளயும் விழலை. அழகா இடைவெளியில போய் விழுது. நீங்களும் போட்டுப் பாருங்க, பொழுது போகும் :-)

2010-கள்ல இதை மேம்படுத்தினாங்க. 32 மெகாஹெர்ட்ஸ் அகலம் 400 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் விரிஞ்சது. வானத்துல இருந்து வர்ற அலையை, அதிர்வெண்ணை இறக்காம, அப்படியே லேசர்ல ஏத்தி அனுப்பறாங்க. இதுல வானியல்காரங்களுக்குக் கொண்டாட்டம், லேசருக்குத் திண்டாட்டம். ஏன்னா அகலமாக் கதவைத் திறந்தா நட்சத்திரக் கூட்டம் மட்டும் உள்ள வராது. டி.வி. கோபுரம், செல்போன் கோபுரம், தலைக்கு மேல போற சாட்டிலைட் எல்லாம் சேர்ந்து வரும். அதுங்க போடற சத்தம் வானத்து சிக்னலை விடப் பல கோடி மடங்கு பெருசு. அதுல ரெண்டு லேசருக்குள்ள கலந்து பிள்ளை பெத்தா?

இப்ப மேல சொன்ன 600, 610 கணக்குக்கு வாங்க. ஹைட்ரஜன் அணு 1420 மெகாஹெர்ட்ஸ்ல மெல்லிசா ஒரு ரேடியோ அலையைக் கொடுக்கும். தூரத்து விண்மீன் மண்டலத்துல இருந்து வரும்போது பிரபஞ்சம் விரியறதால அந்த அலையும் நீண்டு, அதிர்வெண் இறங்கிடும். 2023-ல ஒரு செய்தி வந்தது. கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துலயும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துலயும் இருக்குற ஆட்கள், ஜி.எம்.ஆர்.டி.யை வெச்சு 880 கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்பின ஹைட்ரஜன் அலையைப் பிடிச்சாங்க. அவ்வளவு தூரத்து மண்டலத்துல இருந்து அது வரைக்கும் யாரும் அந்த அலையைப் பிடிச்சதில்லை. 1420-ல கிளம்பின அது, இங்க வந்து சேரும்போது எத்தனை தெரியுமா? ஏறக்குறைய 620 மெகாஹெர்ட்ஸ். 600-லயும் 610-லயும் ரெண்டு உள்ளூர் சத்தம் இருந்து, லேசரோட கோடும் வளைஞ்சிருந்தா, சரியா அதே 620-ல ஒரு போலி முளைச்சிருக்கும். ஒரு ஆராய்ச்சி மாணவன் ரெண்டு வருஷம் அதுக்குப் பின்னாடி அலைஞ்சிருப்பான். நல்ல வேளை, வானியல்காரங்க ஒரு தடவை பார்த்துட்டு நம்பற ஜாதி இல்லை, பல வழியில சோதிச்சுட்டுத்தான் வாயைத் திறப்பாங்க. இருந்தாலும் கருவிக்காரன் தன் பங்கைச் சுத்தமா வெச்சிருக்கணும் இல்லையா?

எப்படிச் சுத்தமா வெக்கறது? முதல் வழி, சத்தத்தைக் குறைச்சுப் பேசறது. ரெண்டு சிக்னலையும் 10 டெசிபல் குறைச்சா, மூணாம் படி போலி 30 டெசிபல் விழும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா லேசரே தன்பாட்டுக்கு லேசா மினுக்கிக்கிட்டு இருக்கும். அந்த மினுக்கல்தான் இரைச்சல். சிக்னலைக் குறைச்சா அது இரைச்சலுக்குள்ள முங்கிடும். மெல்லப் பேசினா மழையில கேக்காது, கத்தினா குரல் உடைஞ்சு அபஸ்வரம். நடுவுல ஒரு சின்ன சந்துதான் நமக்குக் கிடைக்கிற இடம். அந்த சந்தை அரை டெசிபல், ஒரு டெசிபல்னு அகலப்படுத்தறதுதான் இந்தத் துறையோட முழு வேலையும்.

அதுக்குப் பெரிய பெரிய வித்தை இருக்கு. லேசரை நிலையா எரிய விட்டு, வெளிய ஒரு லித்தியம் நியோபேட் பளிங்கு வழியா வெளிச்சத்தை ஆட்டலாம். அதோட கோடு சைன் அலை மாதிரி. சரியா நடுப்புள்ளியில நிறுத்தினா ரெண்டாம் படி கிட்டத்தட்ட ஒழிஞ்சுடும். மூணாம் படி மட்டும் நாம என்ன பண்ணினாலும் போகாது. அதுக்கும் ஒரு முள்ளை முள்ளால எடுக்கிற வைத்தியம் உண்டு. லேசர் எந்தப் பக்கம் வளைக்குமோ அதுக்கு எதிர்ப்பக்கம் வளைக்கிற சின்ன டையோடு சர்க்யூட்டை முன்னாடியே போட்டுடறது. கேபிள் டி.வி. லேசர்கள்ல இது சர்வ சாதாரணம். கஷ்டம் என்னன்னா, அகலமான அலைவரிசையில இந்த எதிர்வளைவு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பொருந்தாது. சூடு கூடினா லேசரோட கோடு நகர்ந்துடும், எதிர்வளைவு பழைய இடத்துலயே நிக்கும்.

கான்ஃபரன்ஸ் பேப்பரெல்லாம் இந்த வித்தைகளைப் பத்தித்தான். என் அபிப்பிராயம் கேட்டா, பாதிப் பிரச்சினை கனெக்டர்ல இருக்கு. ஆமாங்க, சொருகற கனெக்டர். ஃபைபர்ல பச்சைக் கலர் கனெக்டர், நீலக் கலர் கனெக்டர்னு ரெண்டு வகை. நீலம் முனை நேரா இருக்கும், பச்சை முனையை 8 டிகிரி சாய்ச்சுத் தேய்ச்சிருப்பாங்க. முனையில பட்டுத் திரும்புற வெளிச்சம் சாய்வுல போய் வெளிய சிதறிடட்டும்னுதான் அந்த சாய்வு. இன்டர்நெட்டுக்கு ஒண்ணும் ரெண்டுமாப் போற டிஜிட்டலுக்கு கொஞ்சம் எதிரொளி வந்தா ஒண்ணும் குடி முழுகாது. அனலாகுக்கு வாழ்வா சாவா பிரச்சினை. திரும்பி வர்ற வெளிச்சம் லேசருக்குள்ள போனா லேசர் தடுமாறும். வழியில ரெண்டு இடத்துல எதிரொளிச்சா, தாமதமா வர்ற தன்னோட நிழலோடயே மோதி இரைச்சலைக் கூட்டும். பச்சையை நீலத்தோட சொருகினா நடுவுல இடைவெளி விழுந்து கதை கந்தல். இன்னொரு கொடுமை: வெளிச்சத்துல 1 டெசிபல் இழந்தா, வெளிய வர்ற ரேடியோ சிக்னல்ல 2 டெசிபல் இழப்பு. ஒரு தூசு, ஒரு விரல் ரேகை போதும். இங்க ஆய்வகத்துல லட்சக்கணக்குல விலை போற மாடுலேட்டருக்குப் பூட்டு கிடையாது, கனெக்டர் துடைக்கிற ஐந்து பவுண்டு சாமானைத்தான் பூட்டி வெச்சிருக்காங்க. யார் எடுத்தாலும் கையெழுத்துப் போடணும்.

அலைநீளமும் முக்கியம். சாதாரண ஃபைபர்ல 1310 நானோமீட்டர்ல எல்லா நிறமும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல போகும். 1550-ல அப்படியில்லை. கரண்ட் ஆடும்போது லேசரோட நிறமும் சேர்ந்து லேசா ஆடும், அந்த நிறங்கள் முன்னப் பின்ன வந்து சேர்ந்தா அதுவே ஒரு ரெண்டாம் படித் திரிபு. அப்ப ஏன் 1550? அங்கதான் இழப்பு குறைவு, ஒரே இழையில பல நிறத்தைப் பக்கம் பக்கமா அனுப்பலாம்.

இவ்வளவு பாடு எதுக்கு, ஆன்டெனாகிட்டயே டிஜிட்டலா மாத்திட வேண்டியதுதானேன்னு அண்ணை கேட்டார். பல இடத்துல அப்படித்தான் செய்றாங்க. ஆனா டிஜிட்டல் சர்க்யூட்டே ஒரு குட்டி ரேடியோ நிலையம். கோடிக்கணக்கான முறை ஆன், ஆஃப் ஆகிற அதோட சத்தம், பிரபஞ்சத்தோட கிசுகிசுப்பைக் கேக்கப் போன ஆன்டெனாவோட காதுலயே போய் விழும். மேற்கு ஆஸ்திரேலியாவுல எஸ்.கே.ஏ. லோன்னு ஒண்ணு கட்டிக்கிட்டிருக்காங்க. தலைமையகம் இங்க மான்செஸ்டர் பக்கத்துல ஜோட்ரல் பேங்க். 2024-ல இந்தியாவும் உறுப்பினர் ஆச்சு. மொத்தம் 1,31,072 ஆன்டெனா திட்டம். ஒவ்வொண்ணும் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி நிக்கும். அதுலயும் ஆன்டெனா சிக்னலை அனலாகா ஒளியிழையில ஏத்தி, தள்ளி இருக்குற, ரேடியோ அலை வெளிய கசியாத கட்டடத்துக்குக் கொண்டு போய்த்தான் டிஜிட்டலா மாத்தறாங்க. டிஜிட்டலோட சத்தத்துல இருந்து காதைக் காப்பாத்த அனலாக் வேலி. இதைச் சொன்னதும் அண்ணை கொஞ்ச நேரம் யோசிச்சார். "அப்ப ரேடியோவுக்குப் பக்கத்தில கம்ப்யூட்டர் வைச்சா கரகரக்கிறதும் உதுதானே?" என்றார். அதேதான்!

கடைசியா, எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை ஒண்ணு. ஸ்பெக்ட்ரம் அனலைசர்ல ஒரு முள் தெரியுது. அது நிஜமா வந்ததா, லேசர் பெத்துப் போட்டதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? லேசருக்கு முன்னாடி 10 டெசிபல் குறைக்கிற ஒரு சின்ன அட்டென்யுவேட்டரைச் சொருகணும். நிஜ சிக்னல்னா 10 இறங்கும். மூணாம் படிப் போலின்னா 30 இறங்கி, பெரும்பாலும் இரைச்சலுக்குள்ள காணாமப் போயிடும். அனலைசரே பொய் சொல்லுதோன்னு சந்தேகம் வந்தா, அதே சாமானை அனலைசருக்கு முன்னாடி மாத்திச் சொருகணும். எல்லாம் ஒண்ணா 10 இறங்கினா அனலைசர் யோக்கியன், போலி மட்டும் கூடுதலா இறங்கினா அனலைசர்தான் குற்றவாளி.

போன வாரம் 20 கிலோமீட்டர் ஃபைபர் சுருளைச் சேர்த்து இந்தச் சோதனையைச் செஞ்சோம். 1310 லேசர்ல 590, 620 ரெண்டு முள்ளும் ஒழுங்கா 30 இறங்கிச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை 1550 லேசரை மாட்டி, 1210-ல என்ன முளைக்குதுன்னு பார்க்கப் போறோம்.